ராதிகா மிஸ் போட்ட லீவு

"ராதிகா மிஸ் லீவாம். ஜுரம்னு போன் வந்துச்சு" என்றார் வாட்ச்மேன் துலுக்கானம், கேட்டைத் திறந்துகொண்டே.

கெங்கம்மாள் உள்ளே வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

"இன்னிக்குப் பாத்தா? நேத்து சாயந்தரம் நல்லாத்தானே இருந்தாங்க?"

"ஜுரமாவது ஒண்ணாவது. பதினோரு வருசமா தொடப்பம் புடிச்ச நீ, நாளைக்கு அவங்களாட்டம் சேர்ல குந்திக்குவ. யாருக்குத்தான் பொறுக்கும், சொல்லு?"

காட்டுப்பாக்கத்தில் இருக்கும் அந்த மழலையர் பள்ளியில் கெங்கம்மாள் ஆயா. பிளஸ் டூ படித்தவள். குழந்தைகளுக்குப் பாடம் நடத்த ஒரு டிப்ளமோ வேண்டும். அது இரண்டு வருஷப் படிப்பு. செய்துவரும் வேலையை நேரில் வந்து பார்த்து, திருப்தியாக இருந்தால் முதல் வருஷத்தைப் படித்ததாகவே சேர்த்துக்கொள்வோம் என்று ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரி அறிவித்திருந்தது.

அடுத்த வருஷம் நூம்பலில் பள்ளிக்குப் புதுக் கிளை. அதற்குள் டிப்ளமோ வந்துவிட்டால் கெங்கம்மாள் அங்கே மிஸ். வராவிட்டால் இங்கே ஆயா, முழங்கால் உள்ளவரைக்கும்.

வேலையைப் பார்க்க, கல்லூரியிலிருந்து அனுசுயா மேடம் இன்று பதினோரு மணிக்கு வருகிறார். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து சொல்வதற்காகப் பத்து நாளாகப் பதில்களை உருப்போட்டு வைத்திருந்தாள். இப்போது இருபத்திரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போய் உட்காருவது?

ராதிகா மிஸ்ஸுக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

'எந்த நாள் வர்றாங்க, எத்தனை மணிக்கு' என்று போன வாரம் மூன்று தடவை அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. அக்கறை என்று நினைத்தது இவள் புத்தி.

"நல்லா இரு தாயி" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனாள். அது வாழ்த்து இல்லை.

பதினோரு மணிக்கு அனுசுயா மேடம் வாசலில் நின்றபோது, கிரணின் வாட்டர் பாட்டில் சிம்ரன் கையில், சிம்ரனின் முடி கிரண் கையில்.

மேடத்தைப் பார்த்ததும் கெங்கம்மாள் பழக்கதோஷத்தில் சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டாள். மிஸ் இருக்கும் வகுப்பில் ஆயாவின் இடம் அதுதான். ஆனால் முடியைப் பிடித்தவன் விடுவதாக இல்லை. வேறு ஆளும் இல்லை. மறுபடி ஓடிவந்தாள்.

"கிரணு, அவ முடி உனக்கு எதுக்கு? உன் தலையிலதான் அவ்ளோ கீதே."

கிரண் தன் தலையைத் தொட்டுப் பார்க்கக் கையை எடுத்தான். சண்டை முடிந்தது.

"மேடம், மன்னிச்சுக்கோங்க. மிஸ் வரல. ஒரு அரை மணி குந்தினீங்கன்னா..."

"நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று மேடம் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிள்ளைகள் சாப்பிடும் நேரம். கெங்கம்மாள் ஸ்பூன் டப்பாவை எடுத்து அரவிந்தனிடம் கொடுத்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு குடுத்துகினே வா ராஜா."

ஜூனில் சேர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் இதுவரை வாயே திறந்ததில்லை. ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தான். மேடத்துக்கு முன்னால் நின்று டப்பாவைக் கவிழ்த்தான். காலி. ஆயாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கவனிக்காத மாதிரி டிபன் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ஆயா, அவங்களுக்கு இல்ல."

மேடத்தின் பேனா நின்றது. கெங்கம்மாள் தினம் பேசுகிற பிள்ளையிடம் கேட்பதுபோலவே கேட்டாள்.

"அப்டியா? எத்தினி வோணும்?"

"ஒண்ணு."

"தோ அலமாரில கீது. எடுத்தாந்து குடு."

மேடம் ஸ்பூனை வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு மணிவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பிள்ளைகள் படுத்ததும் கெங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு பயந்தபடியே வந்தாள்.

"இன்டர்வியூவுக்கு இன்னொரு நாள் வரட்டுங்களா மேடம்?"

"எதுக்கு? எழுதி முடிச்சு கையெழுத்தும் போட்டாச்சு. முதல் வருஷத்தைக் கழிச்சாச்சு. நீங்க நேரா ரெண்டாம் வருஷத்துல சேரலாம்."

கெங்கம்மாள் அப்படியே குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் அவள் நாற்காலியில் உட்கார்வது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் வந்ததும் கோபத்துக்கும் தைரியம் வந்தது.

"என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவங்க வேணும்னே வரல மேடம். உங்க புண்ணியத்துல தப்பிச்சேன்."

மேடம் பைலிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். ராதிகா மிஸ்ஸின் கையெழுத்து. போன வாரத் தேதி.

'நான் ரூமை விட்டுப் போனால்தான் கெங்கம்மாள் பாடம் நடத்துவார். கதவுக்குப் பின்னால் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். நான் உள்ளே இருந்தால் சுவரோரமாகப் போய் நின்றுவிடுவார். அதனால், நீங்கள் வருகிற அன்று நான் லீவு போட்டுவிடுகிறேன்.'