திரும்பி வந்தவன்

விசா முடிந்து ஒளிந்திருப்பவர்கள் பயப்படாமல் வந்து பதிவு செய்யலாம், வேலை அட்டை தருகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் அப்படி ஒளிந்திருந்த பதினான்கு பேரில் ஒருவரும் அதை நம்பவில்லை. ஆழம் பார்க்கச் சீட்டுக் குலுக்கி இருளாண்டியை அனுப்பினார்கள். சாயங்காலமே அவன் கழுத்தில் அட்டையும் கையில் மற்றவர்களுக்குப் பதின்மூன்று விண்ணப்பங்களுமாகச் சிரித்துக்கொண்டே வந்து நின்றான்.

"ஒன்ன மட்டும் எதுக்குடா விட்டாய்ங்க?" என்றார் அவர்களில் மூத்தவரான சன்னாசி. "எங்க தங்கியிருக்கன்னு கேட்டாய்ங்களா?"

"கேட்டாய்ங்க, சொன்னேன். அதுக்கென்னண்ணே?"

விடிந்தபோது பதின்மூன்று பாய்களையும் காணோம். விண்ணப்பங்கள் மட்டும் வைத்த இடத்திலேயே கிடந்தன. வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. இருளாண்டி அட்டையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். கால்கள் பின்வாசல் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன.