கார்மடி ஹோட்டலின் வாசல்

“தம்பி, நில்லு. அது சுவரு. வாசல் அந்தப் பக்கம் இருக்கு,” என்றாள் மேவிஸ்.

டங்கன் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றான்.

அவனுக்கு முன்னால் செம்மண்ணும், வெளிறிய புதர்களும், அதற்கப்புறம் வானமும்தான் இருந்தன. சுவர் என்று அவள் சொன்னது தரையில் வரிசையாகக் கிடந்த கற்களை. சுண்ணாம்பு பூசியிருந்தது. கணுக்கால் உயரம்கூட இல்லை.

“என்னப்பா, மண்டைய இடிச்சுக்கிட்டியா?” என்று மர நிழலில் உட்கார்ந்திருந்த கெவ் சிரித்தான். மேவிஸின் பக்கத்து வீட்டுக்காரன். வேலை வெட்டி இல்லாதவன், வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

டங்கன் நல்ல பிள்ளை. மறுபேச்சு பேசாமல் சுற்றிக்கொண்டு போய், நடுவில் குழிந்து தேய்ந்திருந்த கல் படியை மிதித்து உள்ளே வந்தான். உள்ளே என்றால், அங்கேயும் அதே செம்மண்தான்.

டில்லன்ஸ் ஃபைண்ட் என்ற இந்தப் பழைய சுரங்க ஊரில் இது எழுதாத சட்டம். தங்கம் தீர்ந்த பிறகு கார்மடி ஹோட்டலைக் கழற்றித் தகரம், பலகை, பியானோ என்று சகலத்தையும் லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாசற்படி மட்டும் தூக்க முடியாத கனம் என்பதால் இங்கேயே கிடந்துவிட்டது. சுவர்கள் இருந்த இடத்திலெல்லாம் மேவிஸ்தான் கல் பரப்பினாள். வருஷம் தவறாமல் சுண்ணாம்பும் அவள்தான் அடிக்கிறாள். ஊரில் மிச்சமிருக்கும் பதினோரு பேரில் ஒருவர்கூட சுவர் வழியாக நடந்ததில்லை.

கெவ்வின் நாய் மட்டும் நடக்கும். அதற்குப் படிப்பு கிடையாது.

டங்கன் பெர்த் நகரத்திலிருந்து வந்திருந்தான். ஊரின் பழைய இடங்களைப் பார்த்து, எதற்கெல்லாம் பெயர்ப்பலகை நடலாம் என்று முடிவு செய்வது அவன் வேலை. சுரங்கத்து இரும்புக் கோபுரம் தேறிவிட்டது. வங்கியின் பெட்டக அறை தேறிவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

ஹோட்டல்தான் பாக்கி.

அவன் கையிலிருந்த தாளில் ஒரு கட்டம் இருந்தது. ‘நிற்பது என்ன?’ எதுவும் நிற்கவில்லை என்றால் பலகை கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. படியைப் பெயர்த்து நகரத்து அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போவதாகப் போன மாதமே கடிதம் வந்திருந்தது. அன்றிலிருந்து மேவிஸுக்குச் சரியான தூக்கமில்லை. காலையில் எழுந்து பழக் கேக் செய்தாள். கேக்கைக் காட்டியாவது காரியத்தைச் சாதிக்கலாம் என்று ஒரு நப்பாசை.

சும்மா சொல்லக்கூடாது, அவன் மூன்று துண்டு தின்றான். பிறகு அவள் பின்னாலேயே அறை அறையாக நடந்தான். இது சாப்பாட்டுக் கூடம், இது மதுக்கூடம், இந்த இடத்தில் தரைப்பலகை கிறீச்சென்று கத்தும், இந்த மூலையில் எவ்வளவு தேய்த்தாலும் மெழுகுக் கறை போகாது. எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பியானோ இருந்த இடத்தை அவன் சுற்றிக்கொண்டு போனபோது மேவிஸுக்கு மனசு குளிர்ந்தது. தேறிவிடும் என்றே நினைத்தாள்.

அவனோ பேனாவை எடுத்து, கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினான்.

மேவிஸ் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

“கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும், ஆன்ட்டி. வெயில் மழை படாது,” என்றான்.

“பத்திரமாத்தான் இருக்கும். யாரு மிதிப்பா?”

டங்கன் அவளைச் சமாதானப்படுத்த நினைத்து, “சின்ன வயசுல நீங்க இந்தப் படிய எத்தனை தடவ மிதிச்சிருப்பீங்க. விட்டுக் கொடுக்கக் கஷ்டமாத்தான் இருக்கும்,” என்றான்.

கெவ் சிரிக்காமல் தன் பூட்ஸைப் பார்த்தான்.

மேவிஸ்தான் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள்.

“ஹோட்டல் நின்னப்பவா? ஒரு தடவகூட இல்ல தம்பி. எங்க கறுப்பு ஜனத்துக்கு இந்த வாசல் கிடையாது, வெள்ளக்காரங்களுக்குத்தான். ஒம்பது வருஷம் வெளியில மண்டி போட்டு இந்தப் படியத் தேச்சேன். தேச்சு முடிச்சு, வாளியத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கமாச் சுத்திவந்துதான் உள்ள போவேன்.”

அவள் வாசல் வழியாக வெளியே போனாள். திரும்பினாள். படியின் நடுக்குழியில் பாதத்தை நன்றாக ஊன்றி, கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவள் மாதிரி நிதானமாக உள்ளே வந்தாள்.

“இப்ப தினமும் ரெண்டு தடவ,” என்றாள்.

நாய் சுவர் வழியாக ஓடிவந்தது. கெவ் அதை அதட்டினான்.

டங்கன் தாளைத் தொடை மேல் வைத்து, கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதினான்.

‘வாசல். புழக்கத்தில் உள்ளது.’