சலங்கை கேட்கிற வயர்

“இதுலயும் சலங்கை வரலை தம்பி. வயரை மாத்துங்க” என்றார் ரத்தினவேல், தெருக்கோடிக்கே கேட்கிற குரலில்.

ரெங்கராஜுக்கு உள்ளுக்குள் எரிச்சல். புதுக்கோட்டையில் ஆடியோ கடை போட்ட ஒன்பது வருடத்தில் எத்தனையோ காதுக்காரர்களைப் பார்த்துவிட்டான். பாஸ் போதவில்லை என்பார்கள், குரல் கரகரக்கிறது என்பார்கள். சலங்கைக்காக ஸ்பீக்கர் வயர் தேடி வந்த ஆள் இவர்தான்.

கீரமங்கலத்தில் முப்பது வருடம் ரைஸ் மில் ஓட்டியவர். இப்போது மில்லைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பொழுதுக்கும் வீட்டில் ஸ்டீரியோ முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாராம். வயர் மட்டமாக இருந்தால் கிணுகிணுவென்கிற சத்தம்தான் முதலில் அடிபடும் என்று யூடியூபில் யாரோ சொல்ல, ஒரு நாட்டியப் பதிவைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, மனைவி சுகுணாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்.

முதலில் போட்டது சாதாரணச் செம்பு வயர். அதிலேயே மிருதங்கம், பாட்டு, ஜதி எல்லாவற்றுக்கும் மேலே சலங்கை தெளிவாக வந்தது.

“நல்லா வருதேய்யா” என்று அப்போதே சொல்லிப் பார்த்தான் ரெங்கராஜ்.

“விக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவீங்க” என்று சிரித்த ரத்தினவேல், மனைவி பக்கம் திரும்பினார். “சுகுணா, ஒனக்குக் கேக்குதா?”

“கேக்கலைங்க.”

இரண்டாவது, வெள்ளி முலாம் பூசியது. அதற்கும் அதே கேள்வி, அதே பதில். “பாத்தீங்களா, அவளுக்கும் கேக்கலை. எங் காதுதான் போச்சோன்னு மொதல்ல பயந்துட்டேன்” என்றார் ரத்தினவேல். ரெங்கராஜுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது.

“அப்படி என்னய்யா இந்தச் சலங்கைல?”

அந்தப் பெரிய குரல் முதல் தடவையாக இறங்கியது.

“எம்மக ஆடுனது தம்பி. பிரகதீஸ்வரி. கல்யாணமாகி பதிமூணு வருசம் கழிச்சுப் பொறந்தவ. பன்னெண்டாவது படிக்கையில ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஆடுனா. மேடையில மைக்கைக் கீழ வச்சிருந்தாங்க, கால் சத்தம் அப்படியே விழுந்திருக்கு. மறு மாசமே காய்ச்சல்ல போயிட்டா.”

சுகுணா கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீடியோவும் இருக்கு. மொகத்தைப் பாக்கத் தெம்பு இல்லை. இதைப் போட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டா, புள்ள வீட்டுக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குற மாதிரி இருக்கும். ஆறு மாசமா அதுவும் வரலை.”

ரெங்கராஜின் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. கடையிலேயே விலை கூடிய வயரை, கட்டைவிரல் பருமனுக்கு இருந்ததை, அலமாரியிலிருந்து எடுத்தான். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுப் பழையதைக் கழற்றி, இதை மாட்டி, மறுபடி போட்டான். வாங்காவிட்டாலும் போகட்டும், இந்த மனிதருக்கு ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

கேட்டது. அந்த அறையின் மூலையில் ஒரு பெண் நின்று ஆடுவது போல, ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்டது. ரெங்கராஜுக்குக் கை மயிர் சிலிர்த்தது.

ரத்தினவேல் கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்திருந்தார். சுகுணாவோ செருப்பைக் கழற்றிவிட்டு வந்த காலின் கட்டைவிரலால் கார்ப்பெட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். கிளம்புகிற அவசரம் போல.

“கேக்குதா சுகுணா?”

“இல்லைங்க. இதுலயும் வரலை.”

“அம்மா, நல்லாவே வருதும்மா. கொஞ்சம் கவனிச்சு...”

“ஒங்களுக்கு வருது தம்பி. எங்களுக்கு வரலை. விடுங்க” என்றாள், வெடுக்கென்று.

ரெங்கராஜ் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். வாங்கவிடாமல் தடுப்பதற்கென்றே கூட வருகிற மனைவிமார்கள் அவனுக்குப் புதிதில்லை. ஆனால் செத்துப்போன பிள்ளையின் சத்தத்துக்குக்கூடவா கணக்குப் பார்ப்பாள் பெற்றவள்? அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

ரத்தினவேல் எழுந்தார். ஏமாற்றம் இருந்தாலும் முகத்தில் ஒரு தெம்பும் இருந்தது.

“அப்ப வயருதான் கோளாறு. திருச்சியில பெரிய கடையாப் பாப்போம். என்ன சொல்ற?”

“பாப்போங்க.”

“நான் போய்க் காரை எடுத்துட்டு வாரேன். நீ பென் டிரைவை வாங்கிட்டு வா. அதை மறந்துறாத.”

அவர் வெளியே போனதும் கதவு மூடிக்கொண்டது. ரெங்கராஜ் பென் டிரைவை உருவப் போனான். சுகுணா சட்டென்று எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, அவரு வர்றதுக்குள்ள இன்னொரு தடவ போடுங்க. வீட்டுல அவரை வச்சுக்கிட்டு என்னால கேக்க முடியலை.”

அவனுக்கு விளங்கவில்லை. “எந்த வயர்லம்மா?”

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதுல வேணாலும் போடுங்க தம்பி. எனக்கு எல்லாத்துலயும் கேட்டுச்சு.”