ஆளுக்குக் காசு கிடையாது

கணக்கு மென்பொருளை சர்வரில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தான் இன்ஜினியர். கம்பெனி முதலாளியே டீ கொண்டுவந்து வைத்தார்.

"விலைதான் கையைக் கடிக்குது தம்பி."

"இந்த சர்வருக்குள்ள எட்டு ப்ராசஸர் இருக்கு சார். ஒவ்வொண்ணுக்கும் தனி லைசென்ஸ். ஆனா ஆளுக்குக் காசு கிடையாது. நூறு பேர்கூட ஒரே நேரத்துல வேலை பார்க்கலாம்."

முதலாளி தலையாட்டினார்.

"எப்படிப் பயன்படுத்தணும்னு சொல்லித் தந்துடறேன். எல்லாரையும் கூப்பிடுங்க சார்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆரம்பிங்க."

"மத்தவங்க வரட்டுமே?"

"லைசென்ஸ் பணத்தைப் புரட்டத்தான் ஒவ்வொருத்தரா வேலையை விட்டு நிறுத்தினேன். கடைசியா நேத்து, என் தங்கச்சி வீட்டுக்காரரையும்."

இன்ஜினியர் டீயைத் தொடவில்லை.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க தம்பி. மறந்துட்டா, பக்கத்து சீட்ல கேட்க ஆள் இல்ல."