ஆள் பெயர்க் கட்டம்

"மூணு நாள் போதும்டா சின்னவனே. நாலாவது நாள் வீட்டு ஞாபகம் வந்துடும்" என்றார் அப்பா, படுத்தபடியே.

"முதல் நாள் விமானம் இறங்குறதே மத்தியானம்தான்பா. அன்னைக்கு என்ன போடறது?" நோட்டும் பேனாவுமாகத் தம்பி கேட்டான்.

"ஒண்ணும் போடாதே. குளிச்சுட்டு ஆத்தங்கரையில சும்மா உக்காரணும்."

பக்கத்து அறையில் மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது வருடம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டும். அவர் பாங்காக் போகிறாராம். தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து அதற்குத் திட்டம் போடுகிறானாம்.

அந்த ஊர் ஆற்றுப் படகுகளின் படத்தை, பழைய காலண்டரிலிருந்து கிழித்து, அவள்தான் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்பாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும்.

"அங்க நம்ம பாஷை யாருக்கும் தெரியாதேப்பா."

"பஸ் ஏறப் பாஷை எதுக்குடா? மேப்புல போற இடத்து மேல விரலை வெச்சாப் போதும், டிக்கெட் கிழிச்சுடுவான். ஓட்டல் எப்படி?"

"ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியும். தினமும் படுக்கையை அவங்களே மாத்திடுவாங்க."

"அதான் வேணும். துணியைக் கையால தொடவே கூடாது."

'இப்ப மட்டும் இவரா மாத்திக்கிறார்?' என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

"ரெண்டாம் நாள்?"

"எட்டு மணி வரைக்கும் நல்லாத் தூங்கணும். அதுக்கு முன்னாடி எதையும் வைக்காதே."

அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு, "பாப்பா... பாப்பா..." என்று கூப்பிட்டு எழுப்புகிற மனிதர் இவர். அந்த நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்.

"அப்புறம் படகு. வெயில் படாத பக்கமாப் பாத்து இடம் பிடிக்கணும். வெயில் பட்டாத் தலைவலி வந்துடும். படி ஏறுற கோபுரம் கீபுரம்லாம் வேண்டாம். முட்டி தாங்காது."

"ஆமா, முட்டி ஒண்ணுதான் குறைச்சல்" என்று முணுமுணுத்தபடி அவள் எழுந்தாள். எழும்போது அவள் முட்டி சடக்கென்று சத்தம் போட்டது.

"எல்லாக் கட்டமும் ரொப்பியாச்சுப்பா. ஆள் பேரு மட்டும் காலியா இருக்கே?"

அப்பா முப்பது வருடம் பஸ் டிப்போவில் ட்யூட்டி போட்டவர். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த டிரைவர், அவருக்கு மாற்று ஆள் யார் என்று பெரிய தாளில் கட்டம் கட்டி எழுதி, சுவரில் ஒட்டுவதுதான் அவர் வேலை.

"ஆள் பேரைக் கடைசியிலதான் எழுதணும். முன்னாடியே தெரிஞ்சா, வயித்துவலி, மச்சான் கல்யாணம்னு வந்து நிப்பாங்க. தாளை ஒட்டிட்டோம்னு வை, எவனும் வாயைத் திறக்க மாட்டான்."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உள்ளே வந்து, மாத்திரைக் கிண்ணத்தை ஸ்டூலில் ணங்கென்று வைத்தாள்.

"வாரத்துக்கு ஒரு நாள் வந்து கதை அளந்துட்டுப் போறவனுக்கு என்னடா? படகு விடலாம், ஊர் சுத்தலாம். ஏம்பா, இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன்னு உங்க ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கா? இந்த ஒன்பது வருஷத்துல நான் தெருமுனையைத் தாண்டியிருக்கேனா?"

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அப்பா கூப்பிடவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு, அவள் அப்பாவின் கட்டில் விரிப்பை உருவி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி அந்த நோட்டை நீட்டினான்.

"எனக்கு எதுக்குடா இது? போக வேண்டியவரே போயிட்டார்."

"கடைசிப் பக்கத்தைப் பாருக்கா. ஞாயித்துக்கிழமை நீ கோவிச்சுக்கிட்டு எழுந்து போனியே, அப்பறம் பேனாவைக் கேட்டு வாங்கி அவரே எழுதினார்."

தம்பியின் கையெழுத்தில் வரிசையாகக் கட்டங்கள். ஆத்தங்கரையில் சும்மா உட்காருவது. எட்டு மணி வரை தூக்கம். வெயில் படாத பக்கம். படி வேண்டாம். அவற்றுக்குக் கீழே, இடது கையால் எழுதிய கோணல்மாணல் எழுத்துகள்.

மாற்று ஆள்: சின்னவன்.

"அந்த மூணு நாளும் அப்பாவை நான் பாத்துக்கறதா இருந்துச்சு. நீ கடைக்குப் போற நேரத்துல அவரைப் புரட்டிப் போடக் கத்துக்கிட்டேன்" என்றான் தம்பி. "முன்னாடியே சொன்னா, அப்பாவை விட்டுட்டு எப்படிடா போறதுன்னு நீ தகராறு பண்ணுவியாம். சொல்லக் கூடாதுன்னுட்டார்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள்.

ஆள் பெயர்: பாப்பா.

ஐம்பத்திரண்டு வயதில் அவளை அப்படிக் கூப்பிட, அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.