ஊசி இல்லாத நாள்

விஷமுறிவு மருந்துப் பண்ணையின் லாயத்தில், தகரக் கூரையின் இடுக்குகள் வழியே காலை வெயில் கோடுகோடாக இறங்குகிறது. "இன்னைக்கு எடை பாக்கிறது மட்டும்தான் ஏக்நாத். நீ கூப்பிடு, உன் குரலுக்குத்தான் இந்தக் குதிரை மகாராணி மசிவா" என்கிறார் டாக்டர் நிம்கர். குதிரைக்காரன் ஏக்நாத் வெல்லக்கட்டியை நீட்டுகிறான். "வாடி மைனா, இன்னைக்கு ஊசி இல்லடி. சத்தியமா." மூலையில் ஒண்டி நிற்கும் பெட்டைக்குதிரை காதைத் திருப்பிக் கேட்கிறது. ஒவ்வோர் அடியாக வருகிறது. அதன் உதடு அவன் உள்ளங்கையைத் தொடும்போது டாக்டரின் கோட்டுப் பையிலிருந்து ஊசி வெளியே வருகிறது. உள்ளே துளியளவு நாகவிஷம். "என்னையும் ஏமாத்தி, அதையும் ஏமாத்த வெச்சிட்டீங்களே சாப்!" "சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்பியா? இதோட ரத்தத்துல மருந்து ஊறினாத்தானே பாம்பு கடிச்சவன் பிழைப்பான்?" போன மழைக்காலத்தில் பாம்புக்கடியிலிருந்து ஏக்நாத்தின் மகள் பிழைத்ததும் ஏதோ ஒரு குதிரையின் ரத்தத்தால்தான். ஊசி இறங்க, மைனாவின் கழுத்துத் தோல் அலையலையாகத் துடிக்கிறது. அது உதைக்கவில்லை, கடிக்கவும் இல்லை. நடுங்கிக்கொண்டே அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது.