மூன்றாவது பெஞ்சு இருமல்

“உள்ளே யாரும் இல்லைன்னுதானே சார் சொன்னீங்க?” டிரைவரின் குரல் இறங்கிவிட்டது. “ஆள் சத்தம் கேக்குதே!”

சபைச் செயலாளருக்கும் கேட்டது. பழைய தேவாலயத்தின் சாத்திய கதவுக்குப் பின்னால் போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். இடையிடையே ஓர் ‘ஆமென்’. இடப்பக்கம் ஒரு பெண்ணின் தொண்டைச் செருமல். பின்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது.

வாசலில் இவர்கள் வந்த காரைத் தவிர ஒரு வண்டிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைதான். ஆனால் மழை மூட்டத்தில் பொழுது விடிந்த மாதிரியே இல்லை.

வண்டி எங்கிருந்து வரும்? மெயின் ரோட்டில் ஏசி போட்டுப் புதுக் கோயில் கட்டியதும் சபை மொத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போய்விட்டது. போதகர் மட்டும், “கடைசி ஆள் இங்க இருக்கிற வரைக்கும் நானும் இருப்பேன்” என்று உட்கார்ந்துவிட்டார். கண் பார்வை போன பிறகும் அதே பிடிவாதம்.

கமிட்டி நேற்றுத்தான் முடிவெடுத்தது. ஆராதனைக்கு ஒரே ஒரு ஆள் வந்திருந்தாலும் கோயிலை அப்படியே விட்டுவிடுவது. இல்லாவிட்டால் கோயிலைப் பூட்டிவிட்டு, பெரியவரை மகள் வீட்டில் கொண்டுபோய் விடுவது. புதுப் பூட்டு செயலாளரின் பையில் கனத்தது.

மணிக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். மணியை அடித்த கையோடு வெளியே போய் சிகரெட் பற்றவைக்கிற ஆசாமி. “நான் மணிக்குத்தான் ஆளு, சாமிக்கு இல்ல” என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவர்.

செயலாளர் பக்கவாட்டுக் கதவை மெல்லத் திறந்தார்.

பெஞ்சுகள் எல்லாம் காலி.

அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து இருமல் வந்தது. சின்னதாக இரண்டு, இழுவையாக ஒன்று, கடைசியில் “அப்பாடா... ஆண்டவரே” என்று ஒரு பெருமூச்சு.

அது அந்தப் பெஞ்சில் எப்போதும் உட்கார்ந்த கணக்கு வாத்தியாரின் இருமல். வாத்தியார் செத்துப்போய் மாதங்கள் ஆகின்றன. புதுக் கோயிலில்தான் அடக்க ஆராதனை நடந்தது. பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் செயலாளரும் ஒருவர்.

“ஆண்டவரே, காப்பாத்தும்” என்று முணுமுணுத்தபடி நின்றார். சபைக் கூட்டத்தில்கூட அவர் இவ்வளவு மனசார ஜெபித்ததில்லை.

பெஞ்சுக்கு அடியில் ஏதோ அசைந்தது. பிறகு ஒரு நரைத்த தலை தெரிந்தது. மணிக்காரர்! வெறுங்காலோடு, பூனை மாதிரி தவழ்ந்து அடுத்த வரிசைக்குப் போனார். அங்கே உட்கார்ந்து, புதுக் கோயிலுக்குப் போய்விட்ட டெய்லரம்மா போலச் செருமினார்.

பயம் போன இடத்தில் செயலாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

“கண்ணு தெரியாத மனுஷனைப் போய் ஏமாத்துறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?”

“வராம நின்னது நீங்க. மனசாட்சி எனக்கு வேணுமா?” மணிக்காரர் சட்டையை உதறிக்கொண்டார். “ஒரு ஆளும் இல்லைன்னு தெரிஞ்சா பெரியவர் உடைஞ்சுபோயிருவாரு சார்.”

“செத்தவரை வேற ஏன்யா இரும வைக்கிறே?”

“வாத்தியார் போனது ஐயாவுக்குத் தெரியாதே! இருமல் நின்னா, ‘வாத்தியார் எங்கே’ன்னு கேப்பாரு. என்னத்தச் சொல்றது?” உள்ளே போதகரின் குரல் தணிந்தது. மணிக்காரர் பதறினார். “விடுங்க சார், கடைசி ஜெபம் வந்துருச்சு. ஆமென் சொல்ல ஆள் இல்ல!”

ஓடிவிட்டார்.

ஆராதனை முடிந்தது. போதகர் அங்கி மாற்றும் சின்ன அறைக்குள் செயலாளர் நுழைந்தார்.

“வாங்க தம்பி. பையில என்ன, பூட்டா? சாவி உரசுற சத்தம் கேக்குது.”

செயலாளர் பையைக் கீழே வைத்தார். “ஐயா, சொல்லவே கஷ்டமா இருக்கு. பெஞ்சுல யாருமே இல்ல. உங்களை ஒருத்தன் ரொம்ப நாளா...”

“மெதுவா!” போதகர் கையைத் தூக்கினார். “அவன் காதுல விழுந்துரப்போகுது.”

செயலாளர் அறைக் கதவைச் சாத்தினார். போதகர் தொடர்ந்தார்.

“வாத்தியாருக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருந்தப்ப, அவர் மகன் என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான். நான் ஜெபிச்சு முடிக்கவும் மூச்சு நின்னுச்சு. அடுத்த ஞாயிறு மூணாவது பெஞ்சுல அவர் இருமுறாரு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம்தான் சிகரெட் வாடை வந்துச்சு.”

“தெரிஞ்சுமா ஐயா? யாருக்காக இத்தனை பிரசங்கம்?”

“மணி அடிச்சுட்டு ஓடுறவனை எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன்! ஒரு நாள் உள்ள உக்காரலை. இப்ப எனக்காகன்னு நெனச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை விடாம கேக்குறான். எந்த இடத்துல ஆமென் சொல்லணும்னு தெரிய வேணாமா?” போதகர் சிரித்தார். “இன்னைக்கு கடைசி ஜெபத்துல, பாவிக்கும் இரங்கும்னு கேட்டேன். ஆமென் வந்துச்சு. வாத்தியார் குரல் இல்ல, டெய்லரம்மா குரல் இல்ல. அவன் சொந்தக் குரல், தம்பி.”

செயலாளரின் போன் அடித்தது. கமிட்டித் தலைவர்.

“என்னய்யா, பூட்டியாச்சா? ஒரு ஆளாவது வந்திருக்கா?”

செயலாளர் அறை ஜன்னல் வழியே கோயிலுக்குள் பார்த்தார். மணிக்காரர் இன்னும் வெளியே போகவில்லை. சிகரெட்டும் பற்றவைக்கவில்லை. கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“பூட்ட முடியாதுங்க,” என்றார் செயலாளர். “சபைக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு.”